கென்யாவுக்கு இரண்டு வருட மறைப்பணி: மதுரைப் பிள்ளைகள் என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

தெப்பக்குளம்
இயேசுவுக்கே புகழ். மதுரையிலிருந்து இரண்டு தம்பிகள், 23 வயது, 25 வயது, வருகிற அக்டோபரில் கென்யாவுக்குக் கிளம்புகிறார்கள். நைரோபிக்குக் கிழக்கே கிட்டுயி பக்கம் ஒரு பங்கு. பொதுநிலை மறைப்பணியாளர்களாக (குருக்களோ துறவிகளோ அல்ல) இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் பாடம், கிளைக் கிராமங்களில் மறைக்கல்வி, இளைஞர் வேலை. கைவசம் பத்து வாரம் இருக்கிறது.

"செபம் பண்ணிட்டுப் போங்க, மத்ததை ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அது உண்மை. ஆனாலும் ஊசி, தாள், பாஷை, சாப்பாடு, தனிமை, செப வாழ்க்கை இதிலெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எதை எப்போது செய்ய வேண்டும், எங்கே தப்பும், ஏன் தப்பும் என்று எழுதினால் பெரிய உதவி.

கோர்ட்டு வாசல்
தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைச் சரிபாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரும் முதல் சிக்கல் இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மி. ஆரோக்கியம்' என்று இருக்கும், ஞானஸ்நானப் புத்தகத்தில் 'ஆரோக்கிய சேவியர்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும். வெளிநாட்டு விண்ணப்பங்கள் பல அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கே விடாது. அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், டிக்கெட் போடுகிறவர் வேறொன்றைப் போடுவார். கடைசியில் மூன்று தாளில் மூன்று ஆள்.

பெயர், குடும்பப்பெயர் இரண்டு கட்டமும் நிரம்பிய பாஸ்போர்ட்டாக மாற்றி வாங்குங்கள். மதுரையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மாற்றினால் பாஸ்போர்ட் எண்ணும் மாறும். மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, போலீஸ் சான்று, டிக்கெட் எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான் வரும். ஞானஸ்நானச் சான்றில் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று பங்குச்சாமியாரிடம் முத்திரையோடு ஒரு கடிதம், நோட்டரியிடம் ஒரு உறுதிமொழித் தாள். அம்புட்டுத்தான்.

அடுத்து பெர்மிட். 2024 ஜனவரியிலிருந்து கென்யா பழைய விசாவை எடுத்துவிட்டு இணைய வழிப் பயண அனுமதி தருகிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு. அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கவோ பங்கு வேலை செய்யவோ கூடாது. சமயப் பணிக்கும் தொண்டுப் பணிக்கும் 'கிளாஸ் ஐ' என்ற தனி பெர்மிட் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது அங்கே அழைக்கிற மறைமாவட்டமோ சபையோதான், தம்பிகள் அல்ல. "வந்துடுங்க, வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வாங்கவில்லையே என்பது அங்கே பதிலாகாது.

வெள்ளைச்சேலை
மருத்துவ விஷயம் நான் எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. "இந்தியாவிலிருந்து போகிறவனிடம் கென்யாவில் கேட்க மாட்டார்கள், எதற்கு?" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேட்பது அங்கே இல்லை, இங்கே. கென்யா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், திரும்பி வரும்போது அட்டை இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். வீட்டில் யாருக்காவது முடியாமல் போய் ஓடி வரும் நேரத்தில் அந்த 6 நாள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 முதல் உலக விதி. முட்டை ஒவ்வாமை கடுமையாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். இது உயிருள்ள கிருமி ஊசி, ஆகவே அம்மைத் தடுப்பு போன்ற வேறு உயிர் ஊசியும் தேவைப்பட்டால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். பத்து வாரம் என்பது இதற்குச் சரியாக இருக்கும், நிறைய இல்லை.

மலேரியா. நைரோபி உயரத்தில் குறைவு, கிட்டுயியில் உண்டு. முதல் சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று என்று டாக்டர் எழுதலாம். அதை வெறும் வயிற்றில், ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஊரைவிட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு வருடமும் மாத்திரையை நம்பி இருக்க முடியாது. மருந்து தோய்த்த கொசுவலை, விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகியபடி, தினமும். காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. மலேரியா என்றால் வழக்கமாகத் தரும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் 3 நாளில் 6 வேளை: முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு காலை மாலை இரண்டு நாள். பாலோ கொழுப்புள்ள உணவோ கூட இருந்தால்தான் உடம்பில் சரியாக ஏறும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். அங்கேதான் தப்பு நடக்கும்: மீதி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார்கள். கிருமி சாகாமல் திரும்பி வரும்.

இன்னொன்று. விடுமுறைக்கு மதுரை வந்த இடத்தில் காய்ச்சல் அடித்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். சொல்லாவிட்டால் இங்கே டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே பரவலாக இருக்கும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு இரண்டு நாள் தாமதமே ஆபத்து.

உபதேசியார் வீடு
பாஷைதான் இந்த இரண்டு வருடத்தின் பாதி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம். கோயில், சந்தை, அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு) எல்லாம் சுவாஹிலி. கிராமத்துப் பெரியவர்களிடம் கிகாம்பா. முதல் ஆறு மாதம் சுவாஹிலியைத் தவிர வேறு பொறுப்பே கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழனுக்குச் சுவாஹிலி வினைச்சொல் சீக்கிரம் பிடிபடும். 'போ-கிற்-ஏன்' என்று நாம் வால் பக்கம் ஒட்டுவதை அவர்கள் தலைப் பக்கம் ஒட்டுகிறார்கள். 'நி' என்றால் நான், 'ன' நிகழ்காலம், 'லி' இறந்தகாலம், 'ட்ட' எதிர்காலம். நினசோமா, படிக்கிறேன். நிலிசோமா, படித்தேன். நிட்டசோமா, படிப்பேன். கால இடைநிலை நடுவில் உட்காரும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. இங்கிலீஷ்காரர் திணறுகிற இடத்தில் நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் தாண்டிவிடுவார்கள்.

சறுக்குவது வேறு இடத்தில். நமக்கு 'ப' ஒன்றுதான், அவர்களுக்கு இரண்டு. நோட்டில் தமிழ் எழுத்தில் 'பாட்டா' என்று எழுதி வைத்தால் அது 'கிடைப்பது' என்ற சொல்லா, 'வாத்து' என்ற சொல்லா என்று பத்து நாள் கழித்துத் தெரியாது. 'பண்டா' என்று எழுதினால் நடுவதா, கொட்டகையா? முதலெழுத்து 'பல்' போல ஒலித்தால் நடுவது, 'பந்து' போல ஒலித்தால் கொட்டகை. க, ட இரண்டிலும் இதே கதை. ஆகவே நோட்டில் ரோமன் எழுத்தில் எழுதுங்கள். தமிழில்தான் மனதில் நிற்கும் என்றால், மெத்தென்று ஒலிக்கும் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு 'ஙோம்பே', மாடு. 'ங' நமக்குத் தெரிந்த ஒலிதான், ஆனால் சொல்லின் தொடக்கத்தில் வந்து பழக்கமில்லை. 'சங்கு' என்பதில் 'ச'-வையும் 'கு'-வையும் விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பழகினால் வரும்.

நாளுக்கு நாள் செய்ய வேண்டியது இது. காலையில் ஆசிரியரோடு இரண்டு மணி நேரம். அதில் ஐந்தே வாக்கியம்: என் பெயர் இது, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், நினாஜிஃபுன்சா கிஸ்வாஹிலி (சுவாஹிலி கற்கிறேன்), இவ்வளவுதான் தெரியும், நாளைக்கு வருகிறேன். இதை ஆசிரியரின் குரலில் போனில் பதிந்து, இருபது முறை கூடவே சொல்லி, பிறகு வெளியே போய் இருபது பேரிடம் சொல்ல வேண்டும். கடைக்காரர், கதவோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பைக் ஓட்டுகிறவர். மறுநாள் அதே ஆட்களிடம் இன்னும் மூன்று வாக்கியம். நோட்டை வைத்துக்கொண்டு அறையில் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு இலக்கணம் வரும், பேச்சு வராது.

கூடல் அழகன்
உபதேசியாரே, ஆறு மாதம் பாஷை மட்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 23 வயதுப் பிள்ளையைக் கையில் வேலை இல்லாமல் ஆறு மாதம் வைத்தால் இரண்டாம் மாதமே "நான் எதற்கு வந்தேன்" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி வந்தவன் போனைக் கையிலிருந்து இறக்க மாட்டான். பேச்சு தேவைப்படாத வேலையை முதல் வாரத்திலிருந்தே கொடுக்க வேண்டும். பங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர், பள்ளி ஆய்வகத்தை ஒழுங்குபடுத்துவது, சாயங்காலம் பையன்களோடு கால்பந்து. பந்து விளையாடும் இடத்தில் ஒரு மணி நேரத்தில் கேட்கும் சுவாஹிலி வகுப்பில் ஒரு வாரத்தில் கேட்காது.

உபதேசியார் வீடு
அண்ணே, அதை ஏற்கிறேன். நான் சொன்னது பொறுப்பை. 'இளைஞர் பொறுப்பாளர்', 'கணக்காளர்' என்று பலகை மாட்டிவிட்டால் ஆங்கிலத்திலேயே வேலையை முடிக்கப் பார்ப்பார்கள், பிறகு பாஷை வராது. காலை பாடம், மாலை கைவேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

தெப்பக்குளம்
நேரம் சொல்வதில் ஏதோ குழப்பம் உண்டு என்று கேள்விப்பட்டோமே?

உபதேசியார் வீடு
ஆமாம், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. 'சா மோஜா', முதல் மணி, என்றால் காலை 7. 'சா தாத்து', மூன்றாம் மணி, என்றால் 9. கடிகாரம் காட்டும் எண்ணிலிருந்து ஆறைக் கழிக்க வேண்டும், முடியாவிட்டால் ஆறைக் கூட்ட வேண்டும். நம் பாட்டன்மார் உதயாதி நாழிகை எண்ணினார்களே, அதே கணக்கு. ஏழரை நாழிகை என்றால் உதயத்திலிருந்து 3 மணி நேரம். அதுதான் அவர்களுடைய 'சா தாத்து'. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க விடிவதும் அடைவதும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஆகவே கணக்கு அவர்களுக்குத் தப்பாது. ஆங்கிலத்தில் 9 மணி என்றால் 9தான், சுவாஹிலியில் சொன்னால் மட்டும் இந்தக் கழித்தல். இரண்டு பாஷையும் கலந்து பேசுகிறவரிடம் "சுவாஹிலி மணியா, கடிகாரத்து நேரமா" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். கிளைக் கிராமத்தில் திருப்பலி மூன்றாம் மணிக்கு என்றதைக் கேட்டு மதியம் 3 மணிக்குப் போய் இறங்கினால் அங்கே பூட்டிய கதவுதான் இருக்கும்.

சுங்குடி
சாப்பாட்டைப் பற்றி அம்மாமார் கவலைப்படுவது எதிர்பார்த்ததுதான், ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கவலையே வேண்டாம். உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. 1 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். 500 முதல் 600 கிராம் மாவு. முதலில் இரண்டு கைப்பிடி போட்டுக் கஞ்சிப் பதம் வந்த பிறகுதான் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், உள்ளே மாவு வேகாது, வயிறு வலிக்கும். மரத்துடுப்பால் பானை ஓரத்தில் அழுத்திப் புரட்டி, ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்வரை சிறு தீயில் 10, 12 நிமிடம். உப்புப் போடுவதில்லை. நம் கேப்பைக்களியை விழுங்குவோம், உகாலியை மெல்ல வேண்டும். கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அந்தக் குழியில் கீரையை அள்ளிச் சாப்பிடுவது. சுக்குமா விக்கி என்ற கீரை தினமும் இருக்கும். 'தெரெரெ' என்று விற்பது நம் தண்டுக்கீரை இனம்தான். 'ஒமெனா' என்ற பொடி மீன் நெத்திலிக் கருவாடு மாதிரி. கிட்டுயிக்கே உரியது 'முத்தொக்கோய்': உமி நீக்க இடித்த சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது. கரி அடுப்பில் மணிக்கணக்காகும், குக்கரில் பாதி நேரம்கூட வேண்டாம்.

குக்கரைப் பற்றிச் சொல்லக் காரணம் உயரம். கிட்டுயி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் பீன்ஸும் திறந்த பாத்திரத்தில் நேரமெடுக்கும்.

கரி அடுப்பை, ஜூன் ஜூலைக் குளிரில், படுக்கும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். புகை தெரியாது, மணமும் தெரியாது. கரியமில வாயு என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

வைகைக்கரை
சோளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சேர்க்கிறேன், இது உயிர் விஷயம். 2004-ல் இதே கிட்டுயியிலும் பக்கத்து மக்குவேனியிலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். காரணம் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. ஈரம் முழுக்கக் காயாமல் மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்த தானியத்தில் வளர்வது. வேகவைத்தாலும் போகாது. பங்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டால் சோளம் வாங்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

கருவி இல்லாமல் ஈரம் பார்க்கும் முறை ஒன்று. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டில், முக்கால் லிட்டர் அளவு. மூன்றில் ஒரு பங்கு சோளம். அதன்மேல் காய்ந்த பொடி உப்பு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் அப்படியே வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், அந்த மூட்டை வேண்டாம். உப்பு உதிர்ந்து கீழே கிடந்தால் ஓரளவு காய்ந்தது. பாட்டில் ஈரமாக இருந்தாலோ உப்பு நமுத்திருந்தாலோ சோதனை பொய் சொல்லும், அதனால் இரண்டையும் முதலில் வெயிலில் வையுங்கள். தரையில் காயப்போட்ட சோளத்தைவிடத் தார்ப்பாயில் காயப்போட்டது நல்லது. மூட்டையை மண் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயம் நம்ம ஊர் மாதிரிதான். மணல் ஆறு. மேலே காய்ந்து கிடக்கும், அடியில் ஊற்றுத் தோண்டி எடுப்பார்கள், கழுதை மேல் 20 லிட்டர் கேன் வரும். வைகையில் ஊற்றுத் தோண்டிக் குடித்த தலைமுறைக்கு இது பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆடுமாடும் அதே ஊற்றில்தான் குடிக்கும். துணியில் வடிகட்டி, குளோரின் கரைசல் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைக் கேனில் விட்டு, 30 நிமிடம் காத்திருந்து குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் இரண்டு மடங்கு. காத்திருக்காமல் குடித்துவிட்டு "மருந்து போட்டுத்தான் குடிச்சேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வது வழக்கமான தவறு.

மழை அக்டோபர் முதல் டிசம்பர், பிறகு மார்ச் முதல் மே. நம் வடகிழக்குப் பருவம் போலவே அங்கேயும் அக்டோபர் மழைதான் நம்பிக்கையானது. அந்த மாதங்களில் மணல் ஆறு, மேற்கே பெய்த மழையில், வானம் தெளிவாக இருக்கும்போதே சில நிமிடத்தில் பெருகும். பைக்கில் இறங்கிவிடாதீர்கள். கரையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருங்கள், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். திருப்பலி தவறினாலும் மக்கள் புரிந்துகொள்வார்கள். வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லை என்றால் ஏறாதீர்கள்.

பசுமலை
ஸ்தோத்திரம். நான் சிஎஸ்ஐ. இந்தப் பேச்சில் நம் ஊரையே மறந்துவிட்டோம். மதுரை பல தலைமுறையாக வெளியூர் இளைஞர்கள் வந்து பாஷை படித்த ஊர். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வரும்போது வயது 29. காவி உடுத்தி, ஒரு வேளை மட்டும் சோறும் பாலும் காய்கறியும் சாப்பிட்டு, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் படித்தார். வீரமாமுனிவர் 1710-ல் இந்தியாவுக்கு வந்தபோது முப்பதை ஒட்டிய வயது. உபதேசியார் சொன்ன 'ப' குழப்பத்தைப் படித்ததும் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பழைய ஓலையில் எ, ஒ குறிலுக்குப் புள்ளி வைத்தால்தான் நெடிலிலிருந்து பிரிந்து தெரியும். ஓலையில் புள்ளி விழாமல் போகும், படிக்கிறவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஏ, ஓ-வுக்குத் தனி வடிவம் கொடுத்தது வெளியிலிருந்து வந்த அவருடைய காதும் கண்ணும்தான். தம்பிகள் நோட்டில் போடப்போகும் அந்த அடிக்கோடு அதே வேலை.

எங்கள் பக்கத்து அமெரிக்கன் மிஷன் 1834-ல் வந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்கள் சாக, 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஓய்வு என்பது சொகுசு அல்ல, ஊழியத்தின் பாகம் என்று அடக்கம் பண்ணித்தான் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டு வாரம் பங்கை விட்டு வெளியே என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

கெபி
பசுமலை ஐயா, நொபிலியை அப்படியே முன்மாதிரியாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் பாஷை படித்த விதம் தலைவணங்கத் தக்கது. ஆனால் அதே மதுரையில் முன்பே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளிடமிருந்தும் அவரைச் சுற்றியிருந்த பரதவர் கிறிஸ்தவர்களிடமிருந்தும் விலகித் தனி வீடு, தனி அடுக்களை, தனிக் கோயில் என்று வாழ்ந்தார். சாதி ஏணியின் உச்சியிலிருந்து தொடங்க அது தேவை என்று நினைத்தார். எளிய சாதியாரிடையே வேலை செய்ய 1640 வாக்கில் பண்டாரச்சாமிகள் என்று வேறு குருக்கள் வரிசை வர வேண்டியதாயிற்று. அருளானந்தர் அந்த வரிசையில் 1674-ல் வந்து, எளிய மக்களோடு இருந்து, 1693-ல் ஓரியூரில் உயிர் கொடுத்தார்.

இது கிட்டுயிக்கு ஏன் வேண்டும் என்றால், அங்கேயும் ஒரு ஏணி உண்டு. நம் ஆட்கள் நைரோபிக்குப் போனால் இந்தியக் கடைகள் இருக்கும் பக்கமே சுற்றுவார்கள், கிராமத்துக்கு வந்தால் பங்கு பங்களாவுக்குள்ளேயே இருப்பார்கள். யார் வீட்டில் சாப்பிடுகிறோம் என்பதை மக்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுங்கள், 'கரிபு' என்று பதில் வந்த பிறகு உள்ளே போங்கள். வெந்நீர் ஊற்றிக் கை கழுவ விடுவார்கள். முதல் முறை கொடுத்த சாப்பாட்டை "வேண்டாம், வயிறு சரியில்லை" என்று தள்ளினால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்க நாளாகும்.

நாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவோம், அங்கே கழற்ற மாட்டார்கள். ரப்பர் செருப்போடு ஒரு வீட்டுக்கோ திருப்பலிக்கோ போவது மரியாதைக் குறைவு. துடைத்த ஷூ வேண்டும். வெறுங்காலோடு நடந்தால் 'ஃபுன்சா' என்ற மண் தெள்ளுப்பூச்சி கால் விரலிடுக்கில் புகுந்து முட்டையிடும். மரியாதை, ஆரோக்கியம் இரண்டுக்கும் ஷூதான்.

தெப்பக்குளம்
கெபி ஃபாதர், செப வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள். பெற்றோர்கள் கேட்பது அதைத்தான்.

கெபி
எழுதுகிறேன். முதலில் சந்தோஷமானது. திருப்பலி இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் போகும். காணிக்கைப் பவனியில் வாழைத்தாரும் கோழியும் ஆடிக்கொண்டே வரும். 'தும்சிஃபு யேசு கிறிஸ்து' என்று ஒருவர் சொன்னால் 'மிலேலே நா மிலேலே, ஆமினா' என்று பதில். நம் 'இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க' போல. அன்பியத்துக்கு அங்கே 'ஜுமுயா' என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976-லேயே அதைப் பங்கு வாழ்வின் அடித்தளமாக எடுத்துக்கொண்டவர்கள், ஆகவே நம்மைவிட வேரோடியது. புதிதாக வந்தவர் வாரம் ஒரு ஜுமுயாவில் பேசாமல் உட்கார்ந்தாலே போதும், பாதி பங்கைத் தெரிந்துகொள்ளலாம். பேசச் சொன்னால் ஐந்து நிமிடம், எழுதி வைத்து, உபதேசியாரிடம் காட்டித் திருத்திய தாளிலிருந்து வாசியுங்கள்.

இனி கடினமானது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் செபம் வறண்டு போகும். விசுவாசம் போய்விட்டது என்று பயந்து போகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. 'பாபா யேத்து உலியே ம்பிங்குனி' என்று வாய் சொல்லும், ஆனால் அந்தச் சொற்களில் ஆத்தா மடி இல்லை, முதல் நற்கருணை இல்லை, சாவு வீட்டில் சொன்ன செபமாலை இல்லை. 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்பதில் அத்தனையும் இருக்கிறது. பாஷை மாறும்போது செபம் தன் ஞாபகங்களை இழந்து நிற்கிறது. திரும்ப நிரம்பக் காலம் பிடிக்கும்.

அதனால் ஒழுங்கை இப்படி வையுங்கள். 5.30-க்கு எழுந்து திருப்புகழ்மாலையின் காலைச் செபம் தமிழில். திருப்பலி அவர்கள் மொழியில். சாயங்காலம் செபமாலை மக்களோடு 'சலாமு மரியா' என்று. படுக்கும் முன் 15 நிமிடம் ஆன்ம சோதனை, தமிழில், நோட்டில் மூன்றே வரி: இன்று எங்கே கடவுள் தெரிந்தார், எங்கே நான் மறைத்தேன், நாளை யாரைப் பார்க்க வேண்டும். தமிழை அறவே விட்டுவிட வேண்டும் என்று வைராக்கியம் வைப்பவர்களும், முழுக்கத் தமிழிலேயே செபித்து மக்களோடு சேராதவர்களும், இரண்டு வகையும் வருடக் கடைசியில் தளர்ந்து போகிறார்கள். புறப்படும் முன் பத்துத் தமிழ்ப் பாட்டும் ஐந்து திருப்பாடலும் மனப்பாடம் செய்யுங்கள். மின்சாரம் போய் போன் அணைந்த இரவில் மனதில் இருப்பது மட்டும்தான் கூட இருக்கும்.

ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனம்) தள்ளிப் போடாதீர்கள். பாஷை வராமல் கூச்சமாக இருந்தால் ஆங்கிலத்தில் செய்யுங்கள், குறையொன்றுமில்லை. ஆன்ம வழிகாட்டி ஒருவரை இங்கேயே முடிவுசெய்து, மாதம் ஒரு முறை குறித்த தேதியில் பேசுங்கள். வறட்சி வந்த பிறகு வழிகாட்டியைத் தேட மனம் வராது.

மீனாட்சிபுரம் அக்கா
வீட்டுக்குப் போன் பேசுவதைப் பற்றி. அங்கே இங்கேயைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இருட்டியதும் ஏழு மணிக்கு மேல்தான் தனிமை அழுத்தும், அப்போது போனை எடுத்தால் மதுரையில் ஒன்பதரை, பெற்றோர் படுக்கப் போகும் நேரம். அழுகையோடு ஒரு போன் வந்தால் அம்மா விடிய விடியத் தூங்க மாட்டார், பிள்ளையோ பேசி முடித்துத் தூங்கிவிடும். ஞாயிறு மதியம் அங்கே 2 மணி, இங்கே 4.30, வாரம் ஒரு முறை, அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வீடியோவில் பேசுகிறவர்கள் மனதளவில் இங்கேயேதான் இருப்பார்கள். இரவு 7 முதல் 9 வரைக்கு வேறு ஏதாவது ஒன்றை முன்பே தீர்மானியுங்கள்: பங்கு வீட்டில் சேர்ந்து சமைப்பது, மறுநாள் பாடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு.

பணம் கேட்டு வருவார்கள், அதுவும் பள்ளி திறக்கும் ஜனவரியில். கஷ்டம் உண்மையானதுதான். ஆனாலும் கையிலிருந்து ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் பத்துப் பேர் நிற்பார்கள், கொடுக்காதவர் மனத்தாங்கலோடு போவார். பங்குக் குழு வழியாக, பள்ளியின் பெயருக்கே கட்டி, ரசீது வாங்க வேண்டும். அங்கே எல்லாப் பணமும் போன் வழி, எம்-பெசாவில் ஓடும். சொந்தச் செலவுக்கு ஒரு சிம், பங்குப் பணத்துக்கு வேறு ஒன்று. ஒரே எண்ணில் இரண்டும் கலந்தால் மூன்றாம் மாதம் கணக்கு நேராகாது, நல்ல பிள்ளைக்கும் கெட்ட பெயர் வரும்.

தெப்பக்குளம்
எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட் திருத்தத்துக்கு இந்த வாரமே நாள் வாங்கிவிட்டோம், ஊசி அதற்குப் பிறகு. 23 கிலோ பெட்டியில் குக்கர், மிக்சி இரண்டும் போகுமா? குக்கர் எத்தனை லிட்டர்?

சுங்குடி
குக்கர் மட்டும் கொண்டுபோங்கள், 5 லிட்டர், அலுமினியம், எடை குறைவு. அதற்குள்ளேயே பொடி வகைகளைக் கட்டி அடைத்துவிடலாம். மிக்சி வேண்டாம்: மின்சாரம் 240 வோல்ட், கிட்டத்தட்ட நம்முடையது போலத்தான், ஓடும், ஆனால் பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, அடாப்டர் வேண்டும். கிளைப் பங்குகளில் சோலார் இன்வெர்ட்டர் என்றால் 750 வாட் மிக்சியைப் போட்டதும் மொத்த வீடும் அணையும். அம்மி போன்ற கல் ஏதாவது அங்கேயே தேடிக்கொள்ளலாம். குக்கருக்குக் கேஸ்கட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு, விசில் ஒன்று கூடுதலாக வாங்கிப் போடுங்கள். வாங்கும் கடையிலேயே மூடியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.